அவரவர் வீட்டுப் பேய்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அன்று காலை இரண்டு அறிவிப்புகள் வந்தன. கழிவுநீர் லாரி இன்றும் வராது, குளியலறையைக் குறைவாகப் பயன்படுத்தவும் என்றது முதலாவது. இந்த ஆண்டு முதல் நம் வளாகத்தில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்னும் பேய் விழா கொண்டாடப்படும் என்றது இரண்டாவது. இரண்டின் கீழும் 'பெருமையுடன், தலைவர்' என்று போட்டிருந்தது.

வளாகத்தின் பெயர் லேக் வியூ எலைட். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டு ஜன்னலில் நின்றாலும் ஏரி தெரியாது. மழை வலுத்தால் ஏரியே கார் நிறுத்துமிடம் வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும்.

தலைவர் சுந்தரராமன் ஒரு பெரிய நிறுவனத்தில் லஞ்சத்தைக் கண்காணிக்கும் விஜிலன்ஸ் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவரை வளாகம் ஒருமனதாகத் தலைவராக்கியது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அவருக்குக் கிடைத்தோம்.

பேய்க்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வளாகத்தில் போன வருடம் ஹாலோவீன் நடந்ததாம். அந்தப் படங்களை வீட்டுத் தரகர்கள் விளம்பரத்தில் போட்டார்களாம். அங்கே சதுர அடி விலை ஏறிவிட்டதாம். வீடு சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரிந்தது. நான் வாடகைக்கு இருப்பவள். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வாடகைக்காரி என்பதால் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அக்டோபர் முடிவோடு எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், இந்தக் குடும்பம் இங்கே தொடர்வதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லை. வாடகை வாங்கும் அவருக்கே இல்லாத ஆட்சேபம் தலைவருக்கு ஏன் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வந்துவிடும்.

அறிவிப்பு வந்த அன்று மாலை மிருதுளா என் வீட்டுக்கு வந்தாள். கலாச்சாரக் குழுச் செயலாளர். எங்களுக்கு மேல் தளத்தில் சொந்த வீடு. அவள் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன். பரவாயில்லை என்று செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எப்சி, இது உங்க ஃபெஸ்டிவல்தானே. நீங்கதான் எங்களை கைடு பண்ணணும்" என்றாள்.

நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. கிறிஸ்துமஸ் உண்டு, ஈஸ்டர் உண்டு, அறுப்பின் பண்டிகை உண்டு. பேய் கிடையாது. என் அப்பா பல்லாவரத்தில் கல் லாரி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த ஒரே பேய் லாரி முதலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று வருடம் பி.காம். படித்தேன், அதிலும் ஹாலோவீன் வரவில்லை. இதையெல்லாம் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன்.

"கல்லறைக்குப் போய் கேண்டில் வெப்பீங்களே, அது?"

"அது கத்தோலிக்கர்கள் மேடம். நவம்பர் ரெண்டு."

"ரெண்டு நாள்தானே டிஃபரன்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது. திருமதி எப்சி வில்பிரட், ஹாலோவீன் பண்பாட்டு ஆலோசகர். வளாக வரலாற்றில் வாடகைக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பதவி என்று பலர் கைகூப்பும் படம் போட்டார்கள். மறைமலைநகரில் ஷிஃப்டில் இருந்த என் கணவர் வில்பிரட்டுக்கு அனுப்பினேன். சம்பளம் உண்டா என்று கேட்டார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் ஜோவிதாவுக்கு ஏழு வயது. ஹாலோவீனைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியும். அன்றைக்குப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு யார் வீட்டு மணியை வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தே ஆக வேண்டும். பள்ளி வேனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மிருதுளாவின் மகள் ஸ்ம்ருதி இவளோடு ஒரே வகுப்பு. வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பூங்காவில் ஒரே ஊஞ்சல். ஸ்ம்ருதி வீட்டு மணியை ஜோவி அடிக்கும்போது மட்டும் கதை மாறும். மரக் கதவு திறக்கும், அதற்கு வெளியே இருக்கும் கம்பிக் கதவு திறக்காது. "ஸ்ம்ருதி தூங்கறா கண்ணா" என்று கம்பிகளுக்கு இடையிலிருந்து மிருதுளா சொல்வாள். உள்ளே ஸ்ம்ருதி பாடுவது கேட்கும். ஜோவி திரும்பி வந்து, "அவ பாடிக்கிட்டே தூங்குறாம்மா" என்பாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

"ஹாலோவீனுக்கு நிஜமாவே அவங்க கம்பிக் கதவைத் திறந்துடுவாங்களாம்மா?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

நான்தான் ஆலோசகர், நான் சொன்னால் திறப்பார்கள் என்றேன். பதவி கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை கிளப் ஹவுஸில் நடந்தது. ஒரு டிரெட்மில், அதன் மேல் காயும் கால்மிதிகள், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். சொந்த வீட்டுக்காரர்கள் முன்னால், வாடகைக்காரர்கள் மின்விசிறி எட்டாத இடத்தில். ஹாலோவீன் என்றால் என்ன என்பதை ஆலோசகர் விளக்குவார் என்றார் தலைவர். எழுந்து நின்று, ஜோவி சொன்னதைச் சொன்னேன். பிள்ளைகள் எல்லா வீட்டு மணியையும் அடிப்பார்கள். எல்லா வீடும் திறக்கும். ஏதாவது தின்பண்டம் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்தார்கள்; அது முகங்களிலேயே தெரிந்தது. எல்லா வீடும் என்றால் எந்த வீடெல்லாம் என்று ஒருவர் கேட்டார். கேக்கில் முட்டை இருக்கும் என்றார் இன்னொருவர். ஜெல்லி மிட்டாயில் முட்டையைவிட மோசமானது இருக்கிறது, நான் படித்திருக்கிறேன் என்றார் மூன்றாமவர். பிள்ளைகள் உள்ளே வந்தால் டிவி எத்தனை அங்குலம் என்று பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடும் என்று கவலைப்பட்டார் வருமான வரித்துறையில் வேலை பார்ப்பவர். பொருளாளர் பாலாம்பாள் மாமி மைக்கை வாங்கினார்.

"வாசல்ல நின்னு, குடுக்கறியா இல்ல தொல்லை பண்ணட்டுமான்னு கேக்கறது எந்த ஊர் பழக்கம்? இதையே வாட்ச்மேன் பண்ணினா வேலையை விட்டு எடுக்கறோம். கொழந்தைகள் பண்ணினா கொண்டாட்டமா?"

பலர் தலையாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில், அடுத்த வீட்டுக்காரர் கொடுப்பதைத் தன் பிள்ளை வாயில் வைக்கக்கூடிய வீடு இந்த வளாகத்தில் ஒன்றுகூட இல்லை என்பது நிரூபணமானது. விழாவைக் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சதுர அடியை மறக்கவில்லை.

தலைவர் எழுந்தார். தீர்வு அவரிடம் இருந்தது. ஒவ்வொரு பேயும் தன் சொந்த வீட்டு மணியை மட்டுமே அடிக்கும். சொந்தத் தாய் தந்தையே கதவைத் திறப்பார்கள். சொந்தத் தாய் தந்தையே பரிசு கொடுப்பார்கள். வெளியாள் சம்பந்தம் அறவே கிடையாது.

கைதட்டல் ஓயப் பொறுத்திருந்த ஓர் இளைஞர், பெற்றோர் பரிசு கொடுப்பதே சரியா, பயமுறுத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை பழகிவிடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தலைவர் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் விஜிலன்ஸ்ல இருந்தவன். யார்கிட்டயும் கை நீட்டி வாங்கினது கிடையாது. பயத்துல அவங்களா வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போவாங்க. என் பிள்ளைங்க தேங்க்ஸ் சொல்லி வாங்கிப்பாங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் அமெரிக்கால நல்லாத்தான் இருக்காங்க. குடுக்கறது தப்பில்ல. முறையா குடுக்கணும்."

முறைகள் அங்கேயே வகுக்கப்பட்டன. பரிசு கட்டாயம். மிகச் சிறியதாக இருந்தால் வளாகத்தின் தரம் கெடும். மிகப் பெரியதாக இருந்தால் மற்றவர் மனம் கெடும். ஆகவே ஒரு பரிசுக் குழு எல்லாப் பொட்டலத்தையும் முன்கூட்டியே பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றி, அரக்கு முத்திரை வைக்கும். ஒருமுறை கொடுத்த பரிசைத் திரும்பப் பெறக்கூடாது. ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் மட்டுமே பேயாகலாம், ஏனென்றால் சின்னது அழும், பெரியது வராது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி, தலை முதல் கணுக்கால் வரை, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் வாடகைக்காரர் பிள்ளைகள் புகைப்படத்தில் மங்கலாகத் தெரியும் என்பதை மிருதுளா மிகவும் நாகரிகமான சொற்களில் விளக்கினாள். அடையாளத்துக்குக் கழுத்தில் வீட்டு எண் எழுதிய அட்டை.

கடைசி விதி தலைவரின் சொந்தத் தயாரிப்பு. பெற்றவரைத் தவிர வேறு எவரும் எந்தப் பேயையும் தொடக்கூடாது. துணி தடுக்கி விழுந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் விசாரணை.

எல்லாம் முடிந்து அவர் என்னைப் பார்த்தார். வாடகைக்காரர்களின் கடிதங்களில் விழா முடிந்த பிறகு கையெழுத்துப் போடுவதாகவும், யார் யார் ஒத்துழைக்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும் என்றும் பொதுவாகச் சொன்னார். பிறகு, "ஆலோசகர் என்ன சொல்றாங்க?" என்றார்.

அடுத்தவர் வீட்டு மணியை அடிக்காத ஹாலோவீனும் தண்ணீர் இல்லாத நீச்சல் குளமும் ஒன்று என்று எனக்குச் சொல்லத் தெரியும். எங்கள் வளாகத்தில் அப்படி ஒரு குளமும் இருக்கிறது. வீடு தேடி மறுபடி ஒவ்வொரு தெருவாக நடப்பதும், கிறிஸ்டியனா என்று கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்பவர்களுக்குச் சிரித்துக்கொண்டே நன்றி சொல்வதும் நினைவுக்கு வந்தன.

"நல்லா இருக்கு சார்" என்றேன்.

ஆலோசகரின் முழு ஒப்புதலுடன் நிறைவேறியது என்று தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஜோவியிடம் சொன்னேன். அழவில்லை. யோசித்தாள்.

"நம்ம வீட்டு பெல்லை அடிச்சா நீ எப்பவுமே திறப்பியே. கேட்டா நீ சும்மாவே குடுப்பியே. அதுக்கு எதுக்கும்மா பேய்?"

கூட்டத்தில் இதைக் கேட்க ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. தூங்கு என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டியை எடுக்கும்போது, சபைக் கமிட்டி உறுப்பினர் ஜீவரத்தினம் ஐயா என்னை நிறுத்தினார். எங்கள் வளாகத்துச் செய்தி அவர் போனுக்கு எப்படியோ வந்திருந்தது. சாத்தானுக்கு ஆலோசகராகப் போயிருக்கிறாயாமே மகளே என்றார். மன வருத்தத்தோடுதான் சொன்னார். அன்றைக்கு இருட்டுக்குக் காணிக்கை கொடுப்பவர்கள் பெயர் கமிட்டியில் பேசப்படும் என்பதையும் அதே வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். அதே நாளில் சபையில் ஒளி விழா இருக்கிறது, பிள்ளையை அங்கே அனுப்பு. வெள்ளை அங்கி போட்டு தேவதூதராக வரட்டும். பரிசை நீ வாங்கி முன்னாடியே கமிட்டியில் கொடுத்துவிட்டால் மேடையில் வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்.

"இங்கயும் வெள்ளைத் துணி, அங்கயும் வெள்ளைத் துணி. இங்கயும் நான் வாங்குற பரிசு, அங்கயும் நான் வாங்குற பரிசு. என்ன ஐயா வித்தியாசம்?"

அவர் பைபிளை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தலையில வளையம் வெக்கிறோம்ல மகளே."

பரிசுக் குழுவின் முன் நான் வைத்தது ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிள்ளைக்கு இது பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றார்கள். வரைவாள் என்றேன். வரைந்ததைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். அதில் ஒரு கம்பிக் கதவும் அதற்குப் பின்னால் பாடும் வாயும் இருந்தன. மிருதுளா அதை நன்றாகப் பார்த்தாள். கலர் சென்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முத்திரை வைத்தாள். தன் மகளுக்கு அவள் வாங்கியிருந்தது தொலைநோக்கி. லேக் வியூ என்று பத்திரத்தில் போட்டிருப்பதை அதை வைத்தாவது சரிபார்க்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்லிச் சிரித்தார். அவர் சொந்த வீட்டுக்காரர், சிரிக்கலாம்.

பரிசு பிரிக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, திரும்பச் சுற்றப்பட்டதில் பாதிப் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன என்று தெரிந்துபோயிருந்தது. அதனால் முந்தைய நாள் ஆச்சரிய ஒத்திகை வைத்தார்கள். வாயைத் திறந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைக்க வேண்டும். துணிக்குள் இருக்கும்போது இது தெரியாதே என்றேன். ஆலோசகர் எதிர்மறையாகப் பேச வேண்டாம் என்றார்கள்.

விழா நாள் வந்தது. ஹாலோவீனுக்குப் பூசணி வேண்டுமென்று யாரோ சொல்லியிருந்ததால், தாம்பரம் மார்க்கெட்டில் ஆயுத பூஜைக்கு விற்காமல் மிஞ்சிய வெள்ளைப் பூசணிகளை மொத்தமாக இறக்கியிருந்தார்கள். கண்ணும் பல்லும் செதுக்கி வாசலில் அடுக்கினார்கள். பார்த்தால் கட்டடம் கட்டும் இடத்தில் தொங்கும் திருஷ்டி முகம் மாதிரியே இருந்தது. பாலாம்பாள் மாமிக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. குங்குமம் தடவி, மேலே கற்பூரம் ஏற்றி, வளாகத்தை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து கேட்டில் உடைக்கச் சொல்லிவிட்டார். பேயை வரவேற்கும் விழா பேயை விரட்டித் தொடங்கியது. செக்யூரிட்டி அதில் வழுக்கி விழுந்தார். அவரைத் தொடலாமா என்பது விதியில் தெளிவாக இல்லாததால் சிறிது நேரம் அங்கேயே கிடந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் திருநாளோட தத்துவம் ஒரே வார்த்தை. நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரனை நம்பணும். அந்த நம்பிக்கைக்கு ஒரு குந்தகமும் வந்துடக்கூடாதுன்னுதான் யாரும் யார் வீட்டுக்கும் போகாதபடி ஏற்பாடு பண்ணிருக்கோம்."

பெற்றோர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்க உத்தரவானது. பேய்கள் கிளப் ஹவுஸில் வரிசையாக நின்றன. ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டர்கள் முன்னே நடக்க, அட்டையில் இருக்கும் எண்படி ஒவ்வொரு பேயும் ஒவ்வொரு வாசலில் விடப்படும். எல்லாவற்றையும் மிருதுளாவின் கணவர் ஷ்யாம்சுந்தர் வளாகத்தின் யூடியூப் சேனலில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டு மணி அடித்தது. திறந்தேன். கழுத்தில் எங்கள் வீட்டு எண்ணோடு ஒரு பேய் நின்றது. தொண்டர் அட்டையைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்தார். துணிக்குக் கீழே தெரிந்த கால் விரல்களில் இளஞ்சிவப்பு நகப்பூச்சு. என் மகள் கால் விரலில் மண்தான் இருக்கும்.

பரிசை நீட்டினேன். பேய் ஒத்திகையில் கற்றபடி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது:

"ஆன்ட்டி, உள்ள வரலாமா? ஜோவி சொன்னா, உங்க வீட்ல கட்டில்ல குதிச்சா திட்ட மாட்டீங்கன்னு."

அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், பயமும் வந்திருக்க வேண்டும். வா என்றேன். ஸ்ம்ருதி துணியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தாள். நான் போனைத் திறந்து நேரலையைப் போட்டேன்.

மேல் தளம். மிருதுளாவின் வாசலில் ஒரு பேய். கால் விரலில் மண். மரக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு, சாவி திரும்பும் சத்தம், கம்பிக் கதவு கிறீச்சிடும் சத்தம். இத்தனை மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மிருதுளா கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, பேயை வாரி அணைத்துக்கொண்டாள். துணியின் மேலேயே நெற்றியில் முத்தம் கொடுத்தாள். என் தங்கமே என்றாள். தொலைநோக்கியைக் கொடுத்தாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் கேசரி வைத்தாள். குழந்தைக்கு நெய் அதிகம் விட்டது பிடிக்கும் என்று நேயர்களுக்கு விளக்கினார் ஷ்யாம்சுந்தர்.

பேய் கேசரியைத் தொடவில்லை. இரண்டு கையையும் கோத்து, தலையைக் குனிந்துகொண்டது.

"நல்ல ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

படம் ஆடியது. யாரோ கத்தினார்கள். கேமரா கூரையைக் காட்டியது, தரையைக் காட்டியது. ஒரு வெள்ளைத் துணி, கையில் தொலைநோக்கியோடு, கம்பிக் கதவு வழியாக வெளியே ஓடியது. எங்கள் கட்டிலில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஸ்ம்ருதியும் ஓடிவிட்டாள்.

சற்று நேரத்தில் மற்ற வீடுகளிலிருந்தும் தகவல் வரத் தொடங்கியது. அட்டையை மாற்றிக்கொண்டது இவர்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. நாய் வளர்க்கும் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன் அங்கே போயிருக்கிறான். மாடியில் மீன் தொட்டி இருக்கும் வீட்டுக்கு ஒருத்தி. வருமான வரித்துறைக்காரர் தன் மகன் என்று நினைத்து யார் மகனுக்கோ தன் டிவியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். சொந்த வீட்டுக்குப் போன பேய் ஒன்றே ஒன்றுதான். அதற்கு அட்டையை மாற்றிக்கொள்ள யாரும் கிடைக்கவில்லையாம்.

தலைவர் அபாயச் சங்கை ஊதச் சொன்னார். எல்லோரும் கிளப் ஹவுஸுக்கு வந்தோம். மரத் தரை என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். பேய்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. துணி அப்படியே இருந்தது. அட்டைகளைப் பிள்ளைகளே கழற்றி டிரெட்மில்லின் மேல் ஒரு குவியலாகப் போட்டிருந்தார்கள். தொலைநோக்கியும் மற்றப் பொட்டலங்களும் தரையில் நடுவில் கிடந்தன. யார் எந்த வீட்டுக்குப் போனது என்று தலைவர் அதட்டினார். பேய்கள் பேசவில்லை. பேசக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

துணியை எடுத்துவிட்டால் போயிற்று என்றார் ஒருவர். எடுங்கள் என்றார் இன்னொருவர். யாரும் நகரவில்லை. பெற்றவரைத் தவிர எவரும் தொடக்கூடாது. தன் பிள்ளை என்று நினைத்து அடுத்தவர் பிள்ளையைத் தொட்டுவிட்டால் விசாரணை. அதைவிட, சொந்தப் பிள்ளையைத் தெரியவில்லை என்று ஊரே பார்க்கும். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மிருதுளா ஒரு பேயை நோக்கி இரண்டடி வைத்து, நின்று, வேறு ஒன்றைப் பார்த்து, திரும்பி வந்துவிட்டாள். அவள் ஏற்கெனவே ஒருமுறை தொட்டிருந்தாள்.

தலைவர் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"எல்லாருக்கும் தெரியும்மா இது உங்க பொண்ணு ஆரம்பிச்சு வெச்சதுன்னு. ஆனா நான் ஆதாரம் இல்லாம யாரையும் சொல்ல மாட்டேன். நீங்களே அவளைக் காட்டிடுங்க. இங்கயே கையெழுத்துப் போடறேன். இனிமே அந்தக் குழந்தை பார்க்குக்கு வரக்கூடாது, ஸ்ம்ருதியோட சேரக்கூடாது. வேனையும் மாத்திக்கணும். அவ்ளோதான், உங்களை ஒண்ணும் பண்ண மாட்டோம்."

வரிசையைப் பார்த்தேன். வெள்ளைத் துணிகள், அவற்றுக்குக் கீழே வெறுங்கால்கள். சொறி மருந்து தடவிய கால், வெள்ளிக் கொலுசு போட்ட கால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்ற கால். கதவுப் பக்கத்திலிருந்து நான்காவதாக மண் விரல்கள். நான் பார்ப்பது தெரிந்ததும் பெருவிரல் மெல்ல உள்ளே மடங்கியது. அதை ஒட்டி இளஞ்சிவப்பு நகங்கள். இரண்டு துணிகளுக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் துணி புடைத்திருந்தது. உள்ளே கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"தெரியல சார்" என்றேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"ஆலோசகரா சொல்றேன் சார். யாருக்கும் தெரியக்கூடாதுங்கறதுக்குத்தான் இந்த வேஷமே."

அவர் பேனாவை மூடினார். கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு தேடத் தொடங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. மண் விரல்கள் மறுபடி விரிந்தன.

தலைவர் ஷ்யாம்சுந்தர் பக்கம் திரும்பினார். நீங்கள் அப்பா, நீங்கள் உங்கள் மகளைக் காட்டுங்கள், அவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஷ்யாம்சுந்தர் கேமராவைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். பிறகு அவரும் தெரியவில்லை என்றார்.

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.